கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் வார்ப்புருக் கோளாறுகள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் என்பது தரவுத்தளத்திலிருந்து விவரங்களை எடுத்து அச்சு அறிக்கைகளாக வடிவமைக்கும் மென்பொருள். இன்வாய்ஸ், இருப்பு அறிக்கை, சம்பளச் சீட்டு என நிறுவனங்கள் அதைக் கொண்டு நாள்தோறும் அச்சிடும் வார்ப்புருக்களில் வரும் பழுதுகளைச் சரிசெய்து தருவது என் அன்றாட வேலை. ஆண்டுதோறும் வரும் புகார்களில் பெரும்பாலானவை ஒரே பத்துப் பன்னிரண்டு அறிகுறிகளுக்குள் அடங்கிவிடுகின்றன என்பதால், எதை முதலில் பார்ப்பது, எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு உரியவரை அழைப்பது என்பதை இங்கே அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன்.

வார்ப்புருவைத் தொடும் முன் இரண்டு காரியங்களைச் செய்துவிட வேண்டும். முதலாவது, வார்ப்புரு சேமிக்கப்பட்டிருக்கும் ஆர்.பி.டி. கோப்பைத் தேதியிட்ட பெயரில் ஒரு நகல் எடுத்து வைப்பது. இரண்டாவது, அதே அறிக்கையை மூன்று இடங்களில் ஓட்டிப் பார்ப்பது: வார்ப்புருவை வரையும் டிசைனரில் முன்னோட்டமாக ஒரு முறை, அதே கணினியில் நிறுவனம் பில் போடப் பயன்படுத்தும் மென்பொருள் வழியாக ஒரு முறை, புகார் வந்த கணினியில் ஒரு முறை. டிசைனரிலேயே கோளாறு தெரிந்தால் அது வார்ப்புருவிலோ தரவிலோ இருக்கிறது. மென்பொருள் வழியாக ஓட்டும்போது மட்டும் தெரிந்தால் நிரலில் இருக்கிறது. புகார் வந்த கணினியில் மட்டும் தெரிந்தால் அந்தக் கணினியின் பிரிண்டர், எழுத்துரு, ரன்டைம் (அறிக்கையை ஓட்டும் துணைநிரல்) ஆகிய மூன்றில் ஒன்றில் இருக்கிறது. இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு நேராக வார்ப்புருவை மாற்றப் போய், நன்றாக இருந்த கட்டங்களையெல்லாம் நகர்த்தி வைத்துவிட்டு இரவு எட்டு மணிக்கு அழைப்பவர்கள்தான் அதிகம்.

அறிகுறி: தேதி இன்றையது, எண்கள் பழையவை

முதலில் ஃபைல் மெனுவில் "சேவ் டேட்டா வித் ரிப்போர்ட்" என்ற வரியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வடிவமைத்தவர் சோதனைக்கு எடுத்த தரவு கோப்போடு சேர்ந்தே சேமிக்கப்பட்டிருக்கிறது; மென்பொருள் புதிதாகத் தரவைக் கேட்காதபோது அந்தப் பழைய தரவையே அது காட்டிக்கொண்டிருக்கும். டிக்கை நீக்கிச் சேமித்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பக்கத்தின் தலைப்பில் "பிரிண்ட் டேட்" என்ற புலத்தை வைத்திருப்பதால்தான் இந்தக் கோளாறு வாரக்கணக்கில் கண்ணில் படாமல் போகிறது. அது அச்சிடும் நாளைக் காட்டுமே தவிர, தரவு எடுக்கப்பட்ட நாளைக் காட்டாது. ஸ்பெஷல் ஃபீல்ட்ஸ் பட்டியலில் "டேட்டா டேட்", "டேட்டா டைம்" என்று தனியாக இரண்டு புலங்கள் இருக்கின்றன. பேஜ் ஃபுட்டரின் மூலையில் சிறிய எழுத்தில் அவற்றை வைத்துவிடுவது என் வழக்கம். டிக் இல்லாமலும் பழைய எண்களே வந்தால், மென்பொருள் வேறொரு தரவுத்தளத்தோடு, பெரும்பாலும் சோதனைத் தளத்தோடு, இணைந்திருக்கிறது என்று பொருள். அது நிரல் எழுதியவர் பார்க்க வேண்டியது.

அறிகுறி: நடுவிலோ கடைசியிலோ வெற்றுப் பக்கம்

கடைசிப் பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தால்

அறிக்கையின் இறுதிப் பகுதியான ரிப்போர்ட் ஃபுட்டரில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அந்தப் பகுதி உயரத்தோடு நின்றுகொண்டிருக்கும். செக்ஷன் எக்ஸ்பர்ட்டைத் திறந்து அதைச் "சப்ரஸ்" செய்து மறைத்துவிடுங்கள். அதன் பிறகும் வெற்றுப் பக்கம் வந்தால், ஒவ்வொரு குழுவின் முடிவிலும் வரும் குரூப் ஃபுட்டரில் "நியூ பேஜ் ஆஃப்டர்" இடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புதுப் பக்கம் வேண்டும் என்று இட்ட அந்த டிக், கடைசி வாடிக்கையாளருக்குப் பின்னும் ஒரு பக்கத்தைத் தள்ளும். டிக்கை எடுக்க வேண்டியதில்லை; அதன் அருகிலுள்ள ஃபார்முலா பொத்தானை அழுத்தி, "ஆன் லாஸ்ட் ரெக்கார்டு" இல்லாதபோது மட்டும் புதுப் பக்கம் என்று எழுதினால் போதும். குரூப் ஹெடரில் "நியூ பேஜ் பிஃபோர்" இட்டு முதல் பக்கம் வெறுமையாக வந்தால், அங்கே "ஆன் ஃபர்ஸ்ட் ரெக்கார்டு" என்பதைக் கொண்டு இதே முறையில் எழுதுங்கள்.

முதல் பக்கத்தில் தலைப்பு மட்டும் வந்து மீதி வெறுமையாக இருந்தால்

இது "கீப் குரூப் டுகெதர்" செய்யும் வேலை. குழு முழுவதும் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தலைப்பு போக மீதியுள்ள இடத்தில் அது அடங்காததால் அடுத்த பக்கத்திற்குப் போய்விடுகிறது. குரூப் எக்ஸ்பர்ட்டின் ஆப்ஷன்ஸில் அந்த டிக்கை எடுத்துப் பாருங்கள். ஒரு குழுவில் நாற்பது ஐம்பது வரிகள் வரக்கூடிய அறிக்கையில் அந்த டிக்கிற்கு வேலையே இல்லை.

ஒரு கணினியில் ஒரு பக்கம், இன்னொன்றில் இரண்டு பக்கம் வந்தால்

தாள் அளவைப் பாருங்கள். ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர். லெட்டர் தாளின் உயரம் 279.4 மில்லிமீட்டர். ஏ4 அளவுக்கு வரைந்த வார்ப்புரு, லெட்டர் என்று அமைத்திருக்கும் பிரிண்டருக்குப் போகும்போது ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் உயரம் குறைந்துபோய், கையொப்ப வரி மட்டும் இரண்டாம் பக்கத்தில் தனியாக நிற்கும். புது பிரிண்டர் வாங்கிய வாரத்தில் "பில் கெட்டுப்போச்சு" என்று வரும் அழைப்புகளில் முக்கால்வாசி இதுதான்.

அறிகுறி: எண்ணுக்குப் பதிலாக வேலிக் குறிகள்

கட்டம் முழுவதும் ஹேஷ் (#) குறிகளாக வந்தால், எண்ணுக்கு ஏற்ற அகலம் கட்டத்தில் இல்லை. கட்டத்தை அகலப்படுத்துங்கள். எண் வடிவமைப்பின் "கஸ்டமைஸ்" பகுதியில் "அலவ் ஃபீல்டு கிளிப்பிங்" என்று ஒரு டிக் இருக்கிறது. அதை இட்டால் ஹேஷ் மறைந்துவிடும் என்று சிலர் சொல்லிக் கொடுப்பார்கள். மறையத்தான் செய்யும், ஆனால் எண்ணின் ஒரு பகுதி வெட்டுப்பட்டு, பார்ப்பவருக்குச் சரியான தொகைபோலவே தெரியும். பணம் சார்ந்த அறிக்கையில் அதை ஒருபோதும் இடாதீர்கள்.

தொகையை எழுத்தில் காட்ட "டூ வேர்ட்ஸ்" என்ற செயற்கூற்றைப் பயன்படுத்தினால் 1,23,456 என்பது "ஒன் ஹண்ட்ரட் ட்வென்டி த்ரீ தவுசண்ட்" என்று தொடங்கி அச்சாகும். அது கோளாறு அன்று. அந்தச் செயற்கூற்றுக்கு லட்சமும் கோடியும் தெரியாது. தனி ஃபார்முலா எழுதியே ஆக வேண்டும்.

அறிகுறி: கூட்டுத்தொகை தவறு

சில பைசாக்கள் மட்டும் இடித்தால்

50.05 ரூபாய் விலையுள்ள மூன்று பொருள்கள் இருப்பதாகவும், ஒவ்வொன்றுக்கும் 9 விழுக்காடு வரி என்றும் கொள்ளுங்கள். ஒரு பொருளுக்கான வரி 4.5045 ரூபாய், கட்டத்தில் 4.50 என்று தெரியும். மூன்றையும் கண்ணால் கூட்டினால் 13.50, ஆனால் அடியில் 13.51 என்று அச்சாகியிருக்கும், ஏனென்றால் கூட்டப்பட்டவை தசமம் குறைக்கப்படாத 4.5045. இரண்டு தசம இடங்கள் என்று வடிவமைப்பில் கொடுப்பது தோற்றத்தை மட்டுமே மாற்றும். தசமத்தை முழுமையாக்கும் "ரவுண்ட்" செயற்கூற்றைக் கொண்டு ஒரு ஃபார்முலா எழுதி, அந்த ஃபார்முலாவைக் கூட்டினால் தோற்றமும் தொகையும் ஒத்துப்போகும்.

ஆனால் பொருள் வாரியாக முழுமையாக்குவதா, மொத்தத்தில் முழுமையாக்குவதா என்பதை வடிவமைப்பவர் முடிவு செய்யக் கூடாது. அது கணக்குப் பிரிவும் ஆடிட்டரும் சொல்ல வேண்டியது. என்னைக் கேட்டால், வரித் தொகையை வார்ப்புருவில் கணக்கிடவே கூடாது. மென்பொருள் கணக்கிட்டுத் தரவுத்தளத்தில் சேமித்த தொகையை அப்படியே அச்சிட வேண்டும். வார்ப்புரு ஒரு கணக்கும் மென்பொருள் இன்னொரு கணக்கும் போட ஆரம்பித்தால், இன்வாய்ஸில் ஒரு தொகையும் பேரேட்டில் ஒரு தொகையும் நிற்கும்.

இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று வந்தால்

பெரும்பாலும் அட்டவணை இணைப்பே காரணம். மூன்று பொருள்கள் உள்ள ஓர் இன்வாய்ஸுக்கு வாடிக்கையாளர் இரண்டு தவணைகளில் பணம் கட்டியிருக்கிறார் என்று வையுங்கள். இன்வாய்ஸ், பொருள்கள், வரவு ஆகிய மூன்று அட்டவணைகளையும் ஒரே அறிக்கையில் இணைத்தால், ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு வரவோடும் சேர்ந்து ஆறு வரிகள் வரும். பொருள்களின் தொகை இரட்டிப்பாகும், வரவின் தொகை மும்மடங்காகும்.

டேட்டாபேஸ் மெனுவில் "ஷோ எஸ்.கியூ.எல். கொரி" என்பதைத் திறந்து, அங்கே தெரியும் வினவலை (தரவுத்தளத்திடம் தரவைக் கேட்கும் கட்டளை) எடுத்துத் தரவுத்தளத்தில் நேரடியாக ஓட்டி, எத்தனை வரிகள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் இணைப்புதான் காரணம் என்று உறுதியாகிவிடும். "செலக்ட் டிஸ்டிங்க்ட் ரெக்கார்ட்ஸ்" என்ற டிக்கை இட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள்: மேற்கண்ட ஆறு வரிகளும் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை என்பதால் அந்த டிக் ஒன்றும் செய்யாது, அது வேலை செய்யும் இடத்திலோ, ஒரே பொருளை ஒரே விலையில் இரண்டு முறை உண்மையாகவே விற்றிருந்தால் அதில் ஒன்றையும் விழுங்கிவிடும். வரவு விவரத்தைப் பிரித்து, குரூப் ஃபுட்டரில் ஒரு துணை அறிக்கையாக (அறிக்கைக்குள் தனியாக ஓடும் சிறு அறிக்கை) வைப்பதே நேர்வழி. இணைப்பை மாற்றவே முடியாத நிலையில் "ரன்னிங் டோட்டல்" புலம் ஒன்றை உருவாக்கி, பொருள் வரியின் எண் மாறும்போது மட்டும் கூட்டுமாறு அமைக்கலாம். அதற்கு அந்த எண்ணின்படி வரிகள் வரிசைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். வினவல் நேராக ஓடும்போதே வரிகள் தாறுமாறாக வந்தால் தரவுத்தள நிர்வாகியை அழையுங்கள்.

அறிகுறி: சிலருக்கு மட்டும் முகவரி வருவதில்லை

நூறு வாடிக்கையாளர்களில் தொண்ணூறு பேருக்கு முகவரி சரியாக அச்சாகும்; பத்துப் பேருக்கு அந்த இடம் முழுவதுமே வெறுமையாக இருக்கும். அந்தப் பத்துப் பேரின் பதிவைத் திறந்தால், முகவரியின் இரண்டாம் வரி நிரப்பப்படாமல் "நல்" (மதிப்பே இல்லாத நிலை) என்று கிடக்கும். கதவு எண், தெரு, ஊர், அஞ்சல் குறியீடு ஆகியவற்றை ஒரே ஃபார்முலாவில் ஒட்டும்போது அவற்றில் ஒன்று "நல்" என்று இருந்தாலும், ஃபார்முலா அந்த இடத்திலேயே நின்றுபோய் முழு விடையும் வெறுமையாகிவிடுகிறது.

ஃபார்முலா எழுதும் சாளரத்தின் மேற்பட்டையில் "எக்செப்ஷன்ஸ் ஃபார் நல்ஸ்" என்று ஒரு தேர்வுப் பெட்டி இருக்கும். அதை "டிஃபால்ட் வேல்யூஸ் ஃபார் நல்ஸ்" என்று மாற்றுவதுதான் எளிய தீர்வு. பழைய பதிப்புகளில் அந்தப் பெட்டி இருக்காது. அங்கே ஒவ்வொரு புலத்துக்கும் "இஸ் நல்" சோதனை எழுத வேண்டும், அந்தச் சோதனை வரியின் தொடக்கத்திலேயே வர வேண்டும். புலம் வெற்றா என்று முதலில் ஒப்பிட்டுவிட்டு, அப்புறம் "நல்" தானா என்று கேட்பதில் பயனில்லை. முதல் ஒப்பீட்டிலேயே ஃபார்முலா நின்றிருக்கும். ஒருமுறை ஒரு நிறுவனத்தில் இதே கோளாறுக்காக, முகவரி இல்லாத இடங்களில் ஒற்றைப் புள்ளி வைக்கும்படி ஆட்களை உட்கார வைத்துத் தட்டச்சு செய்ய வைத்திருந்தார்கள். அறிக்கை சரியானது, அதன் பிறகு அவர்கள் அனுப்பிய உறைகளில் எல்லாம் தெருப் பெயருக்கும் ஊர்ப் பெயருக்கும் நடுவே ஒரு புள்ளி நின்றது.

அறிகுறி: தமிழ் எழுத்துகள் சிதைகின்றன

எப்படிச் சிதைகின்றன என்பதை உற்றுப் பாருங்கள். மூன்று விதச் சிதைவுக்கும் மூன்று வேறு காரணங்கள்.

சதுரப் பெட்டிகள்

அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. வார்ப்புருவில் "லதா" எழுத்துருவைக் கொடுத்திருந்தால், விண்டோஸ் 7 வரை சிக்கல் வந்திருக்காது. விண்டோஸ் 10இல் லதா எழுத்துரு தமிழுக்கான கூடுதல் எழுத்துருத் தொகுப்புக்கு மாற்றப்பட்டுவிட்டதால், தனியாக நிறுவினால்தான் கிடைக்கும். விண்டோஸ் 8 முதல் கூடவே வரும் "நிர்மலா யூ.ஐ." எழுத்துருவுக்கு வார்ப்புருவை மாற்றுவது நல்லது, மாற்றியபின் வரியின் உயரம் வேறுபடும் என்பதால், கட்டங்களில் எழுத்தின் கொம்பும் சுழியும் வெட்டுப்படாமல் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பி.டி.எஃப். சர்வரில் உருவாகிறதென்றால், எழுத்துரு இருக்க வேண்டியது சர்வரில். உங்கள் கணினியில் இருந்து பயனில்லை.

வரிசையாகக் கேள்விக்குறிகள்

இதற்கு வார்ப்புருவில் மருந்து இல்லை. தரவுத்தளத்தில் அந்தப் புலம் ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துகளை ஏற்கும் "என்-வார்கேர்" வகையாக இல்லாமல் "வார்கேர்" வகையாக இருந்து, சேமிக்கும்போதே தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிட்டன. மூல எழுத்து எங்கும் மிச்சமில்லை. எழுத்துருவை மாற்றிப் பார்ப்பது வீண் வேலை. புலத்தின் வகையைத் தரவுத்தள நிர்வாகி மாற்ற வேண்டும், பெயர்களை மீண்டும் உள்ளிட வேண்டும். புல வகை சரியாக இருந்தும் புதுப் பதிவுகள் கேள்விக்குறிகளாகவே சேர்ந்தால், மென்பொருள் அனுப்பும் கட்டளையில் சரத்தின் முன்னால் வர வேண்டிய "என்" முன்னொட்டு விடுபட்டிருக்கிறது. இதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு பெயர்கள் தப்பும்.

ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பை

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தரவு இது. அந்தப் புலத்துக்கு மட்டும் அதே பழைய எழுத்துருவைக் கொடுத்தால் உடனடியாகத் தெரியும். தமிழக அரசு 2010இலேயே ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்டாலும், பழைய பதிவுகளை மாற்றாமல் விட்ட இடங்களில் ஒரே புலத்தில் பாதிப் பெயர்கள் பாமினியிலும் பாதிப் பெயர்கள் ஒருங்குறியிலும் இருக்கும். அங்கே எந்த ஓர் எழுத்துருவும் இரண்டையும் காட்டாது. தரவையே மாற்றித் தரும் ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி: முன் அச்சிட்ட தாளில் எழுத்து விலகி விழுகிறது

முதல் தாளிலேயே விலகினால், தாளை மாட்டிய இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும், வார்ப்புருவை அன்று. முதல் தாளில் சரியாக விழுந்து, அடுத்தடுத்த தாள்களில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டே போனால், தாளின் நீளம் தவறாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. 12 அங்குலத் தொடர் தாளின் நீளம் 304.8 மில்லிமீட்டர். டிரைவரில் ஏ4 என்று இருந்தால் பிரிண்டர் ஒவ்வொரு பக்கத்துக்கும் 297 மில்லிமீட்டர்தான் நகரும், பக்கத்துக்கு 7.8 மில்லிமீட்டர் வீதம் பத்தாவது தாளில் எழுத்து ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் மேலேறி, வரிப் பதிவு எண் அச்சாக வேண்டிய இடத்தில் வாடிக்கையாளர் பெயர் நிற்கும்.

விண்டோஸின் பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸில் புதிய ஃபார்ம் ஒன்றைச் சரியான அகல உயரத்தோடு உருவாக்கி, பிரிண்டரிலும் வார்ப்புருவின் பேஜ் செட்டப்பிலும் அதையே தேர்ந்தெடுங்கள். அந்த ஃபார்ம் பயன்படுத்தும் ஒவ்வொரு கணினியிலும் இருக்க வேண்டும். சாதாரண லேசர் பிரிண்டருக்கான அறிக்கை ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு விதமாக அமைந்தால், பேஜ் செட்டப்பில் "நோ பிரிண்டர்" என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். வடிவமைத்தவரின் பிரிண்டர் டிரைவரோடு வார்ப்புரு கட்டுண்டிருப்பது அதனால் தளரும். தொடர் தாளில் அச்சிடும் டாட் மேட்ரிக்ஸுக்கு மட்டும் இந்த யோசனை உதவாது. தாள் நீளம் சரியாக இருந்தும் ஒழுங்கில்லாமல் ஒருமுறை மேலும் ஒருமுறை கீழுமாக விழுந்தால் தாளை இழுக்கும் டிராக்டர் பற்கள் தேய்ந்திருக்கலாம். பிரிண்டர் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: அறிக்கை திறக்கப் பல நிமிடங்கள்

ஒவ்வொரு பதிவுக்கும் ஒருமுறை அச்சாகும் டீட்டெயில்ஸ் பகுதியில் துணை அறிக்கை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 500 வரிகள் இருந்தால் 500 முறை தரவுத்தளத்துக்குப் போய் வருகிறது. அதை இணைப்பாக மாற்ற முடியுமா, குறைந்தது குரூப் ஃபுட்டருக்காவது நகர்த்த முடியுமா என்று யோசியுங்கள். அடுத்து மீண்டும் "ஷோ எஸ்.கியூ.எல். கொரி": நீங்கள் கொடுத்த தேதி வரம்பு அதன் "வேர்" (WHERE, வடிகட்டும் நிபந்தனை) பகுதியில் இருக்கிறதா? இல்லையென்றால், முழு அட்டவணையும் உங்கள் கணினிக்கு வந்த பிறகே வடிகட்டப்படுகிறது. தெரிவு நிபந்தனையில் புலத்தின் மேல் ஏதேனும் ஃபார்முலாவைப் போர்த்தியிருப்பதே வழக்கமான காரணம். புலத்தை வெறுமனே விட்டு, ஒப்பிடும் தேதிகளை மாற்றி எழுதுங்கள். "பேஜ் என் ஆஃப் எம்" புலமும் கடைசிப் பக்கம் வரை கட்டமைத்த பின்பே முதல் பக்கத்தைக் காட்டும். இவை எதுவும் இல்லாமல் வினவலே மெதுவாக ஓடினால் தரவுத்தள நிர்வாகிக்கு விட்டுவிடுங்கள்.

அறிகுறி: பிழைச் செய்தியோடு நின்றுவிடுகிறது

"டேட்டாபேஸ் லாகான் ஃபெயில்டு"

கடவுச்சொல் ஆர்.பி.டி. கோப்பில் சேமிக்கப்படுவதில்லை, ஒவ்வொரு முறையும் மென்பொருள் கொடுக்க வேண்டும், துணை அறிக்கைகளுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். தரவுத்தளத்தோடு இணைவது ஓ.டி.பி.சி. என்ற இணைப்பு முறை வழி என்றால், 64 பிட் விண்டோஸில் 32 பிட்டுக்கும் 64 பிட்டுக்கும் தனித்தனி ஓ.டி.பி.சி. நிர்வாகிகள் இருப்பதை நினைவில் வையுங்கள். கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் 2016 டிசைனர் 32 பிட். 2020 பதிப்பு 64 பிட். பதிப்பை மாற்றிய மறுநாள் இந்தப் பிழை வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

"லோடு ரிப்போர்ட் ஃபெயில்டு"

கோப்பின் பாதை தவறாக இருக்கலாம், அல்லது சர்வரின் டெம்ப் கோப்புறையில் எழுத அனுமதி இல்லாமல் இருக்கலாம்.

காலையில் ஓடி மதியம் நின்றால்

"மேக்சிமம் ரிப்போர்ட் பிராசஸிங் ஜாப்ஸ் லிமிட்" என்று செய்தி வரும். இயல்பான வரம்பு 75. ஒவ்வொரு அறிக்கையையும் காட்டிய பிறகு நிரல் அதை "குளோஸ்" செய்து "டிஸ்போஸ்" செய்யாததால் அவை நினைவகத்தில் சேர்ந்துகொண்டே போகின்றன. சர்வரை மறுபடி தொடங்கினால் அன்றைய பொழுது ஓடும். ரெஜிஸ்ட்ரியில் வரம்பை உயர்த்தினால் இன்னும் சில மணி நேரம் ஓடும். நிரலைத் திருத்துவது ஒன்றே தீர்வு.

வெளியாளை அழைக்கும்போது

பிழைச் செய்தியின் படத்தை மட்டும் அனுப்பினால் போதாது. மென்பொருளின் பதிப்பு எண், பிரிண்டரின் பெயர், எந்தக் கணினியில் வருகிறது எதில் வரவில்லை என்ற விவரம், கடைசியாகச் சரியாக ஓடிய நாள், அதன் பிறகு மாற்றப்பட்டவை ஆகியவற்றை எழுதி, ஆர்.பி.டி. கோப்பையும் இணைத்து அனுப்புங்கள். தொடக்கத்தில் எடுக்கச் சொன்ன "சேவ் டேட்டா வித் ரிப்போர்ட்" டிக்கை அந்த நகலில் மட்டும் இட்டு அனுப்பினால், உங்கள் தரவுத்தளத்தைத் தொடாமலேயே நீங்கள் பார்ப்பதை அவரும் பார்க்க முடியும். சம்பளச் சீட்டு என்றால் அனுப்பும் முன் ஊழியர்களின் உண்மைப் பெயர்கள் வராதபடி சோதனைப் பதிவுகளுக்கு மட்டும் ஓட்டிச் சேமியுங்கள், வேலை முடிந்ததும் அந்த நகலை அழித்துவிடுங்கள்.